கருங்கல் சுவர் வீடு: மெஷ் போட்டும் மூணாவது பெட்டி நொண்டுது, என்ன செய்யலாம்?

அரவேனு_மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் அரவேனுல இருக்கோம். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மியா கொடுத்து மூணு பெட்டி இருக்கற மெஷ் செட் (ஒண்ணுகிட்ட இருந்து ஒண்ணு வாங்கி வீடு முழுக்க வைஃபை பரப்பற பெட்டிகள்) வாங்கி மாட்டிட்டேன். மாட்டியும் எனக்கு வேண்டிய இடத்துல மட்டும் நெட் வரல. வீட்டுல யாரும் வாய் திறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த அட்டைப்பெட்டியை எங்க வீட்டுக்காரர் ஹால்லயே, கண்ணுல படற மாதிரி வெச்சிருக்கார்.

வீடு பழசு. எஸ்டேட் கிளார்க்குக்குக் கட்டினதை மாமனார் பிறகு வாங்கினார். டேப் வெச்சு அளந்தேன், சுவர் 19 அங்குலம், முழுக்கக் கருங்கல். மேல ஜிங்க் ஷீட், அதுக்கு அடியில பலகை மச்சு. சரிவுல இருக்கறதால ரோட்டுப் பக்கம் ஹால், நாலு படி இறங்கினா பெட்ரூமும் சமையல்கட்டும். பின்வாசல்ல இறங்கி வெட்டவெளியில பதினாலு படி போனா பழைய விறகு ரூம். அதைத்தான் வெள்ளையடிச்சு, டைல்ஸ் ஒட்டி என் ஆபீஸ் ஆக்கியிருக்கோம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு பில்லிங் பார்க்கற வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு லாகின்.

100 எம்பிபிஎஸ் பிளான். மோடம் ஹால்ல, மச்சுக்குக் கிட்ட உசரத்துல இருக்கு. ஃபைபர் இழுக்க வந்த பையன் அங்கதான் ஓட்டை போட்டான். முதல் பெட்டி அது பக்கத்துலயே. ரெண்டாவது பெட்ரூம்ல, பீரோ மேல. மூணாவது ஆபீஸ்ல என் மேஜையிலயே. ஹால்ல 94 வருது. பெட்ரூம்ல 31. ஆபீஸ்ல பகல்ல 9, 12, ராத்திரி 3. மீட்டிங்ல என் முகம் கட்டம் கட்டமாத்தான் தெரியுதாம். ஆனா போன்ல வைஃபை கோடு மட்டும் முழுசா இருக்கு! அதுதான் எனக்குப் புரியல.

கம்பெனிக்குப் போன் பண்ணினா "லைன் நல்லா இருக்கு மேடம்"னு வெச்சுடறாங்க. என் மாமியார், "மிஸ்ட் இறங்கினா அப்படித்தான், அந்தக் காலத்துல ரேடியோவும் கரகரங்கும்"ங்கறாங்க. நெஜமாவே மிஸ்ட்தான் காரணமா? இன்னொரு பெட்டி வாங்கணுமா? அப்படி மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.

தம்பிடி_மிச்சம்

மெஷ்ஷே தண்டச் செலவு. கீழ வரைக்கும் ஒரு வயர் இழுத்து, பழைய ரவுட்டர் ஒண்ணை அங்க வெச்சிருந்தா போதும். அந்தப் பழைய ரவுட்டர்ல டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புக்கு நெட் முகவரி கொடுக்கற வேலை) ஆஃப் பண்ணிட்டு லேன் துளையிலிருந்து லேன் துளைக்குச் சொருகணும், பேரும் பாஸ்வேர்டும் மேல இருக்கறதையே வைக்கணும். ஐந்நூறு ரூபாயில முடிஞ்சிருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்.

அரவேனு_மருமகள்

வாங்கின பிறகு வர்ற அறிவுரைக்கு எங்க வீட்டுலயே ஆள் இருக்காங்க சார். இருந்தாலும் நன்றி.

குன்னூர்_வயர்மேன்

மேடம், கேமரா, நெட்வொர்க் வேலை பதினஞ்சு வருஷமா பண்றேன். பெட்ஃபோர்டுல இருந்து கேத்தி வரைக்கும் இந்த மாதிரி கல் வீடு நிறையப் பார்த்தாச்சு. இன்னொரு பெட்டி வாங்காதீங்க. இருக்கற மூணும் நல்ல பெட்டிதான், உட்கார்ந்திருக்கற இடம்தான் சரியில்ல.

கோடு முழுசா இருந்தும் ஏன் ஓடலன்னு கேட்டீங்க. போன் காட்டற கோடு உங்க போனுக்கும் பக்கத்துல இருக்கற பெட்டிக்கும் நடுவுல உள்ள தெம்பு மட்டும்தான். அந்தப் பெட்டிக்கும் மேல இருக்கற பெட்டிக்கும் பேச்சுவார்த்தை எப்படி இருக்குன்னு அது காட்டாது. உங்க கேஸ்ல அங்கதான் அறுந்து கிடக்கு. கடைக்காரன் உங்ககிட்ட சிரிச்சுப் பேசறான், ஆனா அவனுக்குச் சரக்கு வரல.

கொழுந்து எடுக்கற இடத்துல பார்த்திருப்பீங்க. மூட்டையைக் கை மாத்திக் கை மாத்தி ரோட்டுக்கு ஏத்துவாங்க. நடுவுல நிக்கற ஆளுக்கு இருக்கறது ரெண்டு கை. வாங்கற நேரத்துல கொடுக்க முடியாது, கொடுக்கற நேரத்துல வாங்க முடியாது. டூயல் பேண்ட், அதாவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை இருக்கற மெஷ் பெட்டியும் அப்படித்தான். மேல இருந்து வாங்கறதும் கீழ தள்ளறதும் பெரும்பாலும் ஒரே ரேடியோ. ஒரு கை மாறினா வேகம் பாதி, ரெண்டு கை மாறினா கால் பங்குன்னு வெச்சுக்கோங்க. அதுவும் சுவர் இல்லாத இடத்துல. டிரை பேண்ட் வகையில பெட்டிகள் தங்களுக்குள்ள பேசிக்கத் தனி ரேடியோ இருக்கும், விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கும்.

உங்க வீட்டுல 19 அங்குலக் கல்லு வேற. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா ஓடும், ஆனா சுவரைக் கண்டா படுத்துடும். 2.4 கொஞ்சம் நுழையும், ஆனா வேகம் கிடையாது. அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் அதே நெரிசல்லதான் நிக்குது. 5-ல பேச முடியலன்னா பெட்டிகள் 2.4-க்கு இறங்கிடும். உங்களுக்கு வர்ற 9, 12 எல்லாம் அப்படி இறங்கி வந்த கணக்கு மாதிரிதான் தெரியுது.

மிஸ்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. 2.4 அலையோட நீளம் சுமார் 12 செ.மீ., 5-க்கு சுமார் 6 செ.மீ. பனித்துளி அதுக்கு முன்னாடி தூசி. பதினாலு படி தூரத்துல அது ஒண்ணும் பண்ணாது. வழியில செடி, மரம் இருந்தா நனைஞ்ச இலை கொஞ்சம் தின்னும், அவ்வளவுதான். ராத்திரி ஏழு மணிக்கு ஏன் குறையுதுன்னா மிஸ்ட் இறங்கற அதே நேரத்துலதான் எல்லா வீட்டுலயும் சீரியல் ஆரம்பிக்குது. அம்மாகிட்ட இதை நீங்க சொல்ல வேண்டாம்.

முதல்ல ஒரு சோதனை பண்ணுங்க. லேப்டாப்பை மூணாவது பெட்டியில லேன் வயரால சொருகி ஸ்பீடு பாருங்க. அப்பவும் 9-தான்னா தகராறு பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல. 60, 70 வந்துட்டா நான் சொன்னது தப்பு, வேற மாதிரி யோசிப்போம்.

இன்னொண்ணு, பீரோ மரமா, இரும்பா?

அரவேனு_மருமகள்

இரும்பு. எங்க கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது, ஆளுயரக் கண்ணாடி வெச்சது.

வயர் சொருகிப் பார்த்தேன் அண்ணா. 11. மறுபடி பார்த்தேன், 10.

குன்னூர்_வயர்மேன்

அப்ப சந்தேகமே இல்ல. பீரோ மேல இருந்து இன்னிக்கே இறக்குங்க. இரும்புத் தகடு, அதுக்கு முன்னாடி ரசம் பூசின கண்ணாடி, தலைக்கு மேல ஜிங்க் ஷீட். மூணும் அலையைத் திருப்பி அடிக்கற சாமான். நடுவுல மாட்டின பெட்டி எங்க போய்ப் பேசும்? முதல் பெட்டியையும் மச்சுக்கிட்ட வைக்காதீங்க, நெஞ்சு உசரத்துக்கு இறக்குங்க.

வயர் இல்லாம ஓட்டணும்னா கல்லைத் துளைக்கப் பார்க்காதீங்க, கதவையும் ஜன்னலையும் தேடுங்க. மரமும் வெறும் கண்ணாடியும் அலைக்குப் பெரிய தடை இல்ல. ரெண்டாவது பெட்டியைப் பின்வாசல் ஜன்னல்ல வைங்க. மூணாவது, அந்த ஜன்னல் கண்ணுல படற மாதிரி விறகு ரூம் ஜன்னல்ல. சிக்னல் இல்லாத இடத்துல பெட்டியை வெச்சா அதுக்கே சிக்னல் கிடைக்காது, உங்களுக்கு எதைக் கொடுக்கும்? எல்லாரும் பண்ற தப்பு இதுதான். போன்ல சிக்னல் தெம்பை டிபிஎம் கணக்குல காட்டற வைஃபை அனலைசர் ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க. புதுசா ஒரு பெட்டி வைக்கப்போற இடத்துல முந்தின பெட்டியோட சிக்னல் -65 டிபிஎம்முக்குக் கீழ போகாம பார்த்துக்கோங்க. -75 வெறும் பத்துதானே கம்மின்னு நினைக்காதீங்க. பத்து குறைஞ்சா சக்தி பத்துல ஒரு பங்கு.

ஆனா வேலைக்குன்னா நான் வயர்தான் சொல்லுவேன். ஹால்ல இருந்து பின்வாசல் வரைக்கும் கேட் 6 லேன் வயர், முழுச் செம்பு. கடையில சிசிஏன்னு சொல்லி மலிவா நீட்டுவாங்க, அது அலுமினியத்து மேல செம்பு பூசினது, வேண்டாம். சுவரைத் துளைக்காதீங்க. இந்தப் பழைய சுவர்ல நடுவுல மண்ணும் சில்லும்தான் இருக்கும், ட்ரில் கோணிக்கிட்டுப் போய் உள்ள ஒரு கல்லு அசைஞ்சுடும். பழைய லேண்ட்லைன் வயர் வந்த ஓட்டை எங்கயாவது ஜன்னல் சட்டம் பக்கத்துல இருக்கும், பாருங்க.

பின்வாசல்ல இருந்து விறகு ரூமுக்கு மட்டும் செம்பு வேண்டாம். இதை நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். ஒரு வீட்டுல மெயின் பில்டிங்ல இருந்து காட்டேஜுக்கு நாப்பது மீட்டர் கேட் 6 இழுத்தேன், தலைக்கு மேலயே. சித்திரை மாசம் கோடை இடி. அவங்க வீட்டு மேல விழவே இல்ல, எதிர்ச் சரிவுல எங்கயோ விழுந்தது. இருந்தும் வயர்ல ஏறி நெட்வொர்க் ஸ்விட்ச், மோடம், டிவி மூணும் போச்சு. ரெண்டு கட்டடத்துக்கு ரெண்டு எர்த், நடுவுல செம்புன்னா அது மின்னலுக்கு நாம போட்டுக் கொடுத்த பாலம். ஸ்விட்ச் பணம் என் கையில இருந்து போச்சு, அந்தக் குடும்பம் இன்னிக்கும் என்னைப் பார்த்தா டிவியைப் பத்தித்தான் பேசுவாங்க.

அதனால அந்த இடத்துக்கு மட்டும் ஃபைபர். ரெண்டு பக்கமும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், அதாவது ஃபைபர் ஒளியை லேன் வயருக்கு மாத்திக் கொடுக்கற சின்னப் பெட்டி. நான் கடைசியா வாங்கினப்ப ஜோடி 1,800 ரூபாய். ஒத்தை ஃபைபர்ல ஓடற வகைன்னா ஒரு முனைக்கு ஏ, மறு முனைக்கு பி. ரெண்டும் ஏ-வா வாங்கிட்டு வந்தா ஒண்ணோட ஒண்ணு பேசாது. ரெண்டு முனையும் மாட்டியே வர்ற ஃபைபர் (ரெடிமேட் பேட்ச் கார்டு) நீளம் சொன்னா கிடைக்கும், ஜாயின்ட் அடிக்க வேண்டாம். தட்டையான ட்ராப் கேபிள் வாங்கினா அதுல தாங்கறதுக்கு ஒரு எஃகுக் கம்பி ஓடும். கட்டடத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே அதைப் பிரிச்சு வெட்டிடணும். இல்லன்னா செம்பைத் தவிர்த்துட்டு இரும்பை உள்ள விட்ட கதை.

கடைசியா, ஆப்ல மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டுட்டு வைஃபை மட்டும் கொடுக்கற மாதிரி மாத்துங்க. இப்ப மோடமும் ரவுட்டர், மெஷ்ஷும் ரவுட்டர், ரெண்டு பேர் ஒரே வேலை பார்க்கறாங்க. மோடத்தோட சொந்த வைஃபையை அணைச்சுடுங்க. இல்லன்னா போன் பழைய பேரையே புடிச்சுத் தொங்கும்.

வில்பட்டி_தோட்டம்

சகோதரி, நான் கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் மூன்று காட்டேஜ் வைத்துத் தங்கும் விடுதி நடத்துகிறேன். இ-பாஸ் எடுத்து மலை ஏறி வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்பது வெந்நீர் அல்ல, வைஃபை. குன்னூர்க்காரர் சொன்ன ஃபைபர் யோசனை நூற்றுக்கு நூறு சரி. அதை எப்படிக் கொண்டுபோவது என்று மட்டும் நான் சொல்கிறேன்.

தலைக்கு மேலே கட்டாதீர்கள். பேரிக்காய் காய்க்கும் சமயத்தில் குரங்குக் கூட்டம் வரும். ஒரு குட்டிக்கு என் கேபிள்தான் ஊஞ்சல். ஒரே வருஷத்தில் இரண்டு முறை அறுந்தது. சரி என்று தரையில் போட்டேன். காட்டெருமை மிதித்தது. அது மிதித்தால் ஃபைபர் அறுந்ததுகூட வெளியே தெரியாது, தோல் நன்றாகவே இருக்கும், உள்ளே கண்ணாடி நொறுங்கியிருக்கும். எந்த இடத்தில் என்று தேடியே ஒரு நாள் போனது.

கடைசியில் கைகொடுத்தது ஓடைத் தண்ணீருக்குப் போடும் கறுப்பு ஓஸ்தான். முக்கால் அங்குலம், கனமான ரகம். அதற்குள் ஃபைபரை விட்டு ஓர் அடி ஆழத்தில் புதைத்துவிட்டேன். ஓஸை நேராக நீட்டிப் போட்ட பிறகு கேபிளை நுழைக்கப் பார்த்தால் பாதியில் நின்றுவிடும். முதலில் ஒரு நைலான் கயிற்றின் நுனியில் பஞ்சு உருண்டை கட்டி, மறுமுனையில் வாக்குவம் கிளீனர் வைத்து இழுத்துக்கொண்டேன். பிறகு கயிற்றில் கேபிளைக் கட்டி மெல்ல இழுத்தோம். மேல் நுனியை வாய் கீழே பார்க்கும்படி வளைத்துவிடுங்கள். கீழ் நுனியை அடைக்காதீர்கள், உள்ளே வேர்க்கிற தண்ணீர் வடிய வேண்டும். எலி நுழையாமல் கம்பி வலை போதும். கேபிளைக் கூர்மையாக மடக்கவே கூடாது, சாப்பாட்டுத் தட்டு அளவுக்காவது வளைவு இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். நம் குளிருக்கு இந்தப் பெட்டிகள் இதமான சூடு. எங்கள் பூனை மோடத்தின் மேல்தான் தூங்கும். காற்றுத் துளையெல்லாம் ரோமம் அடைத்து, சூடேறி, அது தானாக அணைந்து அணைந்து எரிந்தது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. எறும்பும் கூடு வைக்கும். மாதம் ஒருமுறை கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள்.

தம்பிடி_மிச்சம்

ஆக, கடைசியில் வயர்தான். நான் முதல் பதிலிலேயே சொன்னேன்.

குன்னூர்_வயர்மேன்

சொன்னீங்க சார். ஆனா "ஒரு வயர்"னு பொத்தாம்பொதுவா சொன்னீங்க, அதை நம்பி செம்பை இழுத்திருந்தா அடுத்த சித்திரைக்கு அவங்க ஆபீஸே போயிருக்கும். அப்புறம் மெஷ் முழுக்க வேஸ்ட்டும் இல்ல. தனித்தனி ரவுட்டர் வெச்சா பேசிக்கிட்டே ஹால்ல இருந்து சமையல்கட்டுக்குப் போறப்ப போன் பழைய பெட்டியையே புடிச்சு இழுத்துக்கிட்டு வரும். எப்ப மாறணும்னு முடிவு பண்றது போன்தான். மெஷ் பெட்டிகள் "பக்கத்துல இன்னொருத்தன் இருக்கான், அவன்கிட்ட போ"ன்னு அதுக்கு எடுத்துச் சொல்லும். வயர்ல கோத்த மெஷ்ஷுன்னா இந்த வசதியும் இருக்கும், வேகமும் பாதியாகாது.

அரவேனு_மருமகள்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் பதில் சொல்லணும்.

முதல் நாள் பெட்டிகளை மட்டும் நகர்த்தினேன். பீரோ மேல இருந்ததைப் பின்வாசல் ஜன்னல் கட்டைக்கு மாத்தினேன், மேஜையில இருந்ததை ஆபீஸ் ஜன்னலுக்கு. காலணா செலவில்லாம 10 இருந்தது 27 ஆச்சு! அன்னிக்கு ராத்திரியே மேனேஜர் "ஹேர்கட் பண்ணினீங்களா?"ன்னு கேட்டார். இல்ல, அப்பதான் அவருக்கு என் முடி தெரிஞ்சிருக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழமை லேண்ட்லைன் ஓட்டையைத் தேடினோம். அண்ணா சொன்ன மாதிரியே ஜன்னல் சட்டம் பக்கத்துல, சுண்ணாம்பு பூசி மூடிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால குத்தினா மண் பொலபொலன்னு கொட்டுச்சு. அதுக்குள்ள காய்ஞ்சு போன குளவிக்கூடு. 19 அங்குலத்துக்கு வயரைத் தள்ளினா பாதியில மடங்குது. எங்க வீட்டுக்காரர் ஈர்க்குக்குச்சி விட்டார், முறிஞ்சது. மாமியார்தான் உள்ள போய், போன மழைக்கு உடைஞ்ச குடையில இருந்து ஒரு கம்பியை உருவிக்கிட்டு வந்தாங்க. குடைக்கம்பி நுனியில ஒரு கண்ணு இருக்கும் இல்லையா, துணி தைக்கறதுக்கு? அதுல நூல் கோத்து, நூல்ல வயரைக் கட்டி, ஒரே இழுப்பு. நான் ஃபைபரைப் பத்தி மூணு வாரமா படிச்சது, அந்த ஓட்டை வேலைக்கு ஒண்ணுத்துக்கும் ஆகல.

ஃபைபர் வாங்கினதுல ஒரு தப்பு பண்ணினேன், மத்தவங்களுக்கு உதவும்னு சொல்றேன். மோடத்துல இருக்கற முனை பச்சை நிறம். அதைப் பார்த்துட்டுப் பச்சை முனை வெச்ச கார்டு வாங்கிட்டு வந்தேன். மீடியா கன்வெர்ட்டர் நீல முனைக்கானது. துளைக்குள்ள ரெண்டும் ஒரே மாதிரிதான் போகும், ஆனா பச்சையோட நுனி சாய்வா சீவினது, நீலத்துக்கு அப்படி இல்ல. லிங்க் விளக்கு வந்து வந்து போச்சு. கடைக்காரர் நல்ல மனுஷன், மாத்திக் கொடுத்தார்.

படியை ஒட்டி 22 மீட்டர் கறுப்பு ஓஸ், ஓர் அடி ஆழம். எங்ககிட்ட வாக்குவம் கிளீனர் இல்ல. மேல இருந்து கீழ சரிவுதானே, கயித்துல ஒரு போல்ட்டைக் கட்டி விட்டு, ஓஸைத் தூக்கித் தூக்கித் தட்டினோம், அதுவே உருண்டு கீழ வந்துடுச்சு. அப்புறம்தான் புதைச்சோம்.

இப்ப ஹால்ல 94, பெட்ரூம்ல 90, ஆபீஸ்ல லேப்டாப்பை வயர்ல சொருகினா 92, வைஃபைல 85-க்கு மேல. ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்தினதும் ஆப்ல பையனுக்கு நேரம் வெச்சுப் பூட்டற வசதி போயிடுச்சு. அவன் இன்னும் கவனிக்கல. அட்டைப்பெட்டியையும் எங்க வீட்டுக்காரர் மச்சுக்கு ஏத்திட்டார். மாமியார் மட்டும், "இந்த வாரம் மிஸ்ட்டே இல்லையே, அதான் நல்லா வருது"ங்கறாங்க.

குன்னூர்_வயர்மேன்

குடைக்கம்பி எனக்கே புதுசு மேடம். நாளைக்கே பையில ஒண்ணு போட்டுக்கறேன். மோடத்துக்கு மினி யூபிஎஸ் வெச்சிருக்கீங்கதானே? அதுல பெரும்பாலும் வர்றது 12 வோல்ட். பெட்டி அடாப்டர்லயும் 12 போட்டிருக்கான்னு பார்த்துச் சொருகுங்க. மீடியா கன்வெர்ட்டர் பெரும்பாலும் 5 வோல்ட், அதுக்குத் தனியா ஒண்ணு வேணும், ரெண்டு முனையிலயும். போட்டாச்சா?

அரவேனு_மருமகள்

இல்லண்ணா. நேத்து ராத்திரி எட்டரைக்குக் கட்டபெட்டு பக்கம் எங்கயோ மரம் விழுந்து கரண்ட் போனப்பதான் அது எங்களுக்குத் தெரிஞ்சது.